முதல் மூன்று பீச்சு: மடிநோயை வீட்டிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வழி

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி நடந்துகொண்டிருந்தது. வீடு நிறைய ஒரம்பரை. சாயங்காலக் கறவைக்கு உட்கார்ந்தபோது செவலையின் இடது பின்காம்பிலிருந்து பாலோடு சின்னதாக ஒரு திரி விழுந்தது. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். பார்த்தேன். நோம்பி முடியட்டும், டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று மீதிப் பாலையும் கறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பக்க மடி கருங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. கை வைத்தால் உதைத்தது. தொட்டியில் வைத்த தவிட்டுத் தண்ணீரை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஐந்து நாள் ஊசி போட்டு மாட்டைக் காப்பாற்றினோம். அந்தக் காம்பைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த ஈத்தில் திரும்பிவிடும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். திரும்பவில்லை. வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த மாடு நாலரைக்கு வந்து நின்றது. மூன்று காம்பு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனால் என்ன விலை கேட்பார்கள் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஓட்டவில்லை. செவலை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாய்கிற இரண்டு ஏக்கரில் தீவனம் போட்டு, நான்கு கறவையும் ஒரு கிடாரியும் வைத்திருக்கிறோம். இந்த நான்கு வருடத்தில் எங்கள் கட்டுத்தரைக்கு மடிநோய் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் முதல் நாளே பிடித்துவிட்டோம், ஒரு காம்பும் போகவில்லை. இதற்காகப் பெரிய செலவு எதுவும் செய்யவில்லை. மாட்டைப் பார்க்கிற முறையை மாற்றிக்கொண்டோம், அவ்வளவுதான். இரண்டு மாடு, ஐந்து மாடு என்று கையால் கறக்கிற வீடுகளுக்கு இது அப்படியே பொருந்தும்.

கருப்புக் கல்

வெள்ளைப் பாலில் வெள்ளைத் திரி கண்ணுக்குத் தெரியாது. அதுவும் எவர்சில்வர் வாளிக்குள் நுரையோடு விழுந்தால் தெரியவே தெரியாது. அதனால் கறவை தொடங்கும் முன் ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் மூன்று பீச்சைக் கருப்பான ஒன்றின்மேல் விட வேண்டும். சமையல் மேடைக்குப் போட்டது போக மிஞ்சிய கருப்பு கிரானைட் துண்டு ஒன்று எங்களிடம் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. அதைத்தான் வைத்திருக்கிறேன். கருப்பு பிளாஸ்டிக் மூடி, பழைய கருப்புத் தட்டு எதுவானாலும் சரி. இதற்கென்றே மேலே கருப்பு வடிகட்டி வைத்த கோப்பையும் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. தரையில் மட்டும் பீச்சாதீர்கள். நோய் இருந்தால் கிருமி தரையில் பரவி, மாடு படுக்கும்போது அடுத்த காம்புக்கு ஏறும்.

கல்லைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் பால் மெல்லிய படலமாக வழியும். நல்ல பால் தடம் விடாமல் ஒரே சீராக ஓடும். நோய் தொட்ட பாலில் ஏதாவது ஒன்று நிற்கும்: குருணை மாதிரி புள்ளி, நூல் மாதிரி திரி, திரிந்த பாலின் செதில். சில சமயம் திரியே இருக்காது. பால் தண்ணீராக, லேசான மஞ்சளாக வழியும். அதுவும் நோய்தான், சொல்லப்போனால் திரியைவிட மோசமான அறிகுறி. ரத்தக் கீற்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம். விடியற்காலைக் கறவைக்கு வெளிச்சம் முக்கியம். நாங்கள் பல்பை மாட்டின் முதுகுக்கு மேலிருந்து எடுத்து, கறப்பவரின் தோளுக்குப் பின்னால் வருகிற மாதிரி மாற்றி மாட்டினோம்.

என் அத்தைக்கு இது முதலில் பிடிக்கவில்லை. ஐம்பது வருடமாகக் கறக்கிற கை அது. 'பாலைக் கீழே ஊத்தலாமா, லட்சுமியல்லவா' என்றார். ஒரு நாள் நான்கு காம்பின் மூன்று பீச்சையும் டம்ளரில் பிடித்துக் காட்டினேன். டம்ளரின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. காம்புத் துவாரத்தில் தங்கியிருக்கிற கிருமியெல்லாம் அந்த முதல் பீச்சில்தான் வெளியே வரும் என்று டாக்டரும் எடுத்துச் சொன்னார். இப்போது கல்லைக் கழுவித் திண்டில் எடுத்து வைப்பதே அத்தைதான். போன மாசியில் எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாட்டின் வலது முன்காம்பில் முதல் திரியைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டதும் அவர்தான்.

கண்ணால் பார்த்தது போதாது, கையாலும் பார்க்க வேண்டும். கறந்து முடித்த மடி காலிப் பை மாதிரி தொங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக நின்றாலோ, புறங்கையை வைத்தால் ஒரு கூறு மட்டும் சுட்டாலோ சந்தேகப்படுங்கள். நான்கு கூறையும் தொட்டுப் பார்க்கப் பத்து விநாடி ஆகும்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சோப்புத் தண்ணீர்

திரியும் விழாது, வீக்கமும் இருக்காது, மாடு நன்றாகத் தின்னும். ஆனால் மடிக்குள் நோய் இருக்கும். மறைந்து நிற்கிற இந்த மடிநோய்தான் நமக்கு அதிக நஷ்டம் தருகிறது. வேளைக்கு அரை லிட்டர் குறையும், வெயில் அதிகம், சோளத்தட்டு சரியில்லை என்று நாமே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வோம். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் வைத்துப் பார்த்தால் டிகிரி குறைவாக வரும். நோய் இருக்கிற மடியில் பால் சர்க்கரை குறைந்து உப்பு ஏறும். அதனால்தான் அந்தப் பால் லேசாக உப்புக் கரிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க மருந்துக் கடையில் சி.எம்.டி என்று ஒரு திரவமும், நான்கு குழி வைத்த தட்டும் விற்கிறார்கள். கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் துணி துவைக்கும் சோப்புத் தூளே போதும். அரை லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் தூள் போட்டு நன்றாகக் கரைத்துக்கொள்ளுங்கள். நான்கு சின்னக் கிண்ணம் எடுத்து, எது எந்தக் காம்புக்கு என்று குறித்துவிடுங்கள். முதல் மூன்று பீச்சைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு காம்பின் பாலையும் அதனதன் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி அளவு பிடியுங்கள். அதே அளவு சோப்புக் கரைசலை ஊற்றி, கிண்ணத்தை வட்டமாக அரை நிமிடம் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீர் மாதிரியே சுழலும். நோய் இருந்தால் பிசுபிசுவென்று திரண்டு, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நடுவில் கூடும். சாய்த்தால் ஒரே கட்டியாக நழுவும். நோயை எதிர்க்க மடிக்குள் வந்து குவிந்திருக்கிற வெள்ளணுக்களைச் சோப்பு உடைக்கிறது. உடைந்த அணுவுக்குள் இருப்பது வெளியே வந்து கூழாகிறது. வெள்ளணு எவ்வளவு அதிகமோ அவ்வளவு கெட்டியாகும்.

கன்று போட்ட முதல் வாரத்திலும், வற்றப் போகிற கடைசி நாட்களிலும் நல்ல மடியின் பாலும் கொஞ்சம் திரளும். அப்போது நான்கு கிண்ணமும் ஒரே மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் தனித்துத் திரண்டால்தான் கவனிக்க வேண்டும்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை இதைச் செய்ய வேண்டும். தேதி வைத்துக்கொண்டால் மறந்துபோகிறது. அதனால் அமாவாசைக்கு ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். இப்போது தவறுவதே இல்லை. முடிவைக் காலண்டரில் மாட்டின் பெயரோடு 'இ.பி', 'வ.மு' என்று எழுதி வைக்கிறேன். இடது பின்காம்பு, வலது முன்காம்பு. டாக்டர் வந்தால் முதலில் அந்தக் காலண்டரைத்தான் கேட்கிறார்.

கை, தண்ணீர், துணி

மடி முழுவதும் தண்ணீரை அடித்துக் கழுவுவது நம் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம். அதை விட்டுவிடுங்கள். மேலே இருக்கிற அழுக்கெல்லாம் வழிந்து காம்பு நுனிக்குத்தான் வந்து சேரும். சாணி அப்பியிருந்தால் ஒழிய மடியைக் கழுவ வேண்டாம். காம்பை மட்டும் கழுவினால் போதும். முக்கியமானது துடைப்பது. ஈரத்தோடு கறந்தால் கழுவாமல் கறந்ததைவிட மோசம். பழைய பருத்தி வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து வைத்திருக்கிறேன். ஒரு மாட்டுக்கு ஒரு துண்டு. ஒன்றைத் துடைத்த துணி இன்னொரு மாட்டின் பக்கம் போகவே கூடாது. கறவை முடிந்ததும் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவைப்போம்.

காம்பை முழுக் கையால் பிடித்து, மேலிருந்து கீழாக விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கறக்க வேண்டும். கட்டை விரலை மடக்கி வைத்து இழுக்கிற பழக்கம் காம்பின் உள்தோலைப் புண்ணாக்கும், அந்தப் புண்ணில்தான் கிருமி குடியேறும். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் பிடித்தது. நகம் வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கூடாது. எச்சிலையோ நுரையையோ தொட்டுக்கொண்டு கறப்பது கூடவே கூடாது. மடியைத் தடவிச் சுரப்பு விட்டதும் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடித்துவிடுங்கள், அதற்குமேல் சுரப்பு நிற்காது. நடுவில் போன் வந்தால் அடிக்கட்டும்.

நோய் உள்ள மாட்டைக் கடைசியில்தான் கறக்க வேண்டும். முதலில் இளம் மாடுகள், பிறகு மற்றவை, கடைசியாக நோய் மாடு. கிருமி ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற முக்கியமான வண்டி நம் கைதான்.

மிஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் உண்டு. மிஷின் திரியைப் பார்க்காது, அதனால் மாட்டுவதற்கு முன் கருப்புக் கல்லில் கையால்தான் பீச்சிப் பார்க்க வேண்டும். பால் நின்றதும் கழற்றிவிடுங்கள். காலி மடியை உறிஞ்ச விட்டால் காம்பு நுனி தடித்துப்போகும். உள்ளே இருக்கும் ரப்பர் குழாயைச் சுமார் 2,500 கறவைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெடித்த ரப்பரை எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது.

கறந்த பிறகு அரை மணி நேரம்

கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை. மூட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணியிலும் மூத்திரத்திலும் படுத்தால் கதவைத் திறந்து வைத்து அழைத்த மாதிரி. இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, கறந்த கையோடு காம்பை மருந்தில் முக்குவது. புண்ணுக்குப் போடுகிற 10 சதவீத போவிடோன் அயோடினை அதே அளவு தண்ணீரில் கலந்து, தோல் வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் கிளிசரின் சேர்த்து, ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி ஒவ்வொரு காம்பையும் முழுசாக முக்கி எடுங்கள். மிஞ்சியதை பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது. இரண்டு, பசுந்தீவனத்தை அந்த நேரத்துக்கென்று எடுத்து வைத்துவிடுங்கள். கறவைக்கு முன்னால் போடாதீர்கள், கறந்த பிறகு போடுங்கள். தின்றுகொண்டிருக்கிற மாடு படுக்காது. செலவே இல்லாத வைத்தியம் இது.

தரை உலர்ந்திருக்க வேண்டும். மூத்திரம் ஓடுகிற வாய்க்கால் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே குத்தி விடுங்கள். சாயங்காலம் வேப்பிலைப் புகை போட்டால் ஈ குறையும். காம்பில் உட்காருகிற ஈயும் நோயைச் சுமக்கும்.

திரி விழுந்துவிட்டால்

அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் 1962க்கு அழைத்துக் கால்நடை ஆம்புலன்ஸ் கேளுங்கள். மாடு தின்னாமல் காது சில்லிட்டு நின்றாலோ, பால் வெறும் தண்ணீராக வந்தாலோ, மடி நீலம் பாரித்துக் குளிர்ந்திருந்தாலோ ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. அந்த நிலையில் கைவைத்தியத்தை நம்பி உட்காராதீர்கள்.

டாக்டர் வருகிற வரைக்கும், வந்து போன பிறகும் நாங்கள் போடுகிற பூச்சு ஒன்று உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி செம்மைப்படுத்திய மரபுவழி மருத்துவம். தேசிய பால்வள வாரியமும் இதைப் பரப்புகிறது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையைத் தோலோடு, முள்ளை மட்டும் சீவிவிட்டு, துண்டு போட்டு மிக்ஸியில் அரையுங்கள். மஞ்சளைச் சேர்த்ததும் பச்சை மஞ்சளாக நுரைத்து நிற்கும். சுண்ணாம்பைப் போட்டு ஒரு சுற்று விட்டால் கண் முன்னாலேயே செக்கச்செவேல் என்று மாறும், ஆரத்தி கரைக்கும்போது மாறுகிற அதே சிவப்பு. அந்த நிறம் வந்தால் பக்குவம் சரி.

மடியில் உள்ள பாலை முழுசாகப் பீச்சி எடுத்து, மடியைக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு கை விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் தடவுங்கள், வீங்கிய பக்கம் மட்டும் என்று நிறுத்த வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். பத்து தடவை என்பதைப் படித்துவிட்டு மூன்று தடவையோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் கேட்கவில்லை என்கிறார்கள். காட்டு வேலைக்கு நடுவே முடியாதுதான். எங்கள் வீட்டில் ஆளுக்கு இரண்டு மூன்று என்று பங்கு போட்டுக்கொள்வோம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையனுடைய முறை. விழுதை அன்றன்றைக்குப் புதிதாக அரையுங்கள். கூடவே தினமும் இரண்டு எலுமிச்சம் பழத்தை இரண்டாக அரிந்து மூன்று நாள் தின்னக் கொடுங்கள். பாலில் ரத்தம் வந்தால் இரண்டு கைப்பிடி கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைத்து அதையும் கொடுக்கலாம்.

டாக்டர் காம்புக்குள் ஏற்றுகிற டியூப் கொடுத்தால், காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகே ஏற்றுங்கள். நான்கு காம்புக்கும் ஏற்ற வேண்டியிருந்தால் துடைக்கும்போது எட்ட இருக்கிற காம்பில் தொடங்கி கிட்டே வாருங்கள். ஏற்றும்போது கிட்டே இருப்பதில் தொடங்கி எட்டப் போங்கள். அப்போதுதான் துடைத்த காம்பின்மேல் கை உரசாது. இரண்டாம் நாளே பால் தெளிந்துவிட்டது என்று மருந்தை நிறுத்தாதீர்கள். அரைகுறையாக அடங்கிய நோய் அடுத்த தடவை மருந்துக்குக் கட்டுப்படாமல் வரும்.

மருந்து போடுகிற நாட்களின் பாலையும், டாக்டர் சொல்கிற நாள் முடிகிற வரைக்கும் வருகிற பாலையும் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம். வீட்டுக்கும் வேண்டாம். அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, அதிலேயே மருந்து இருப்பது தெரியும். ஊரில் யாரோ ஒரு குழந்தை குடிக்கிற பால் அது. கன்றுக்கும் ஊட்டாதீர்கள். கட்டுத்தரையை விட்டுத் தள்ளிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிடுங்கள்.

வற்ற வைக்கிற 60 நாள்

கன்று போடுவதற்கு 60 நாள் முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். பால் வருகிறதே என்று எட்டாம் மாதம் தாண்டியும் கறக்கிற வீடுகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. மடிக்கு ஓய்வும் கிடைக்காது, அடுத்த ஈத்தில் பாலும் குறையும். வற்றத் தொடங்குகிற முதல் இரண்டு வாரமும், கன்று போடுகிற சமயத்து இரண்டு வாரமும்தான் மடிநோய்க்கு மிக வசதியான காலம். நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கடைசி நாளில் முழுசாகக் கறந்துவிட்டு, டாக்டரைக் கேட்டு, வற்றுக்காலத்துக்கென்றே இருக்கிற டியூபைக் காம்புக்கு ஒன்றாக ஏற்றி, அயோடினில் முக்குங்கள். அதற்குப் பிறகு மடி விம்மினாலும் தொட்டுக் கறக்காதீர்கள், தானாக வற்றும். முக்குவதை மட்டும் ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். இதற்கு முன்பு எந்தக் காம்பில் நோய் வந்தது என்று காலண்டர் சொல்லும். கன்று போட்டதும் அந்தக் காம்பின் சீம்பாலை முதலில் கருப்புக் கல்லில் பாருங்கள்.

செவலைக்கு இது ஆறாவது ஈத்து. வருகிற வெள்ளிக்கிழமை கறவையை நிறுத்துகிறோம். மூன்று டியூப் வாங்கி வைத்திருக்கிறேன்.